பவளப்பார்களின் சிறுமீன்களை நீரடியில் இனங்காணல்

மும்பை நகரை மூன்று புறமும் கடல் சூழ்ந்திருப்பினும், அக்கடலின் அடியில் மீன் நீந்துவதைக் கண்டவர் அந்நகரில் மிகச் சிலரே. கழிமுகங்கள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலை, ஏறக்குறைய 5 மீட்டர் வரை ஏறி இறங்கும் ஓதம் நாள்தோறும் கலக்கிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய நீரில் மூழ்கி மீன் பார்ப்பது இயலாத காரியம். ஆயினும் ஹாஜி அலி, வொர்லி முதலிய இடங்களின் கரைப்பாறைகளில் பவள உயிரிகள் உள்ளன. கரையோரச் சாலைப் பணியின்பொருட்டு 2020-இல் அவற்றுள் சில பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் பொருத்தப்பட்டன. தெளிந்த நீரில் பாறைமீன்களைக் காண விரும்பும் மும்பை மாணவர் தெற்கே மால்வணுக்குச் செல்ல வேண்டும். சிந்துதுர்க் கோட்டையை அடுத்த அக்கடற்பகுதி 1987-இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுவாசக் கருவியுடன் மூழ்கும் ஸ்கூபாப் பயிற்சி அங்கு பெரிதும் பரவியிருக்கிறது.

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் தமிழ் மாணவர்களுக்கு இதனினும் நெருங்கிய கடல் ஒன்று உண்டு. தாராவியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. தூத்துக்குடி 1986 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. விடுமுறையில் அக்குடும்பங்கள் செல்லும் ஊர்களுக்கு அருகே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் தீவுகள் தொடங்குகின்றன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. முத்துக்குளிப்போரும் சங்குக் குளிப்போரும் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். சுருக்கமும் தெளிவும் உடைய அச்சொல்லையே இக்கட்டுரையும் ஆளுகிறது.

பார்களில் வாழும் விரல்நீள மீன்களின் பெயரைச் சரியாக அறிவது பொழுதுபோக்காளரின் ஆர்வம் என்று கருதப்படுவதுண்டு. நிருவாகத்துக்கு அதனால் ஆவதென்ன என்று வினவுவோரும் உளர். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமிகுதியால் வெளிறின. வெளிறிய பவளம் மீண்டும் உயிர்பெறலாம், மடியவும் செய்யலாம். மடிந்த பவளத்தின் மேல் பாசி படர்கிறது. அப்போது பவளத்தையே உண்டு வாழும் மீன்கள் குறைகின்றன, பாசி தின்னும் மீன்கள் பெருகவும் கூடும். எவை குறைந்தன, எவை பெருகின என்பதை அறிந்தால்தான் ஒரு பார் மீண்டு வருகிறதா, பாசிக்காடாக மாறுகிறதா என்று கூற முடியும். இக்கணக்கு முழுவதும் மூழ்குநர் ஒருவர் நீரடியில் சில விநாடிகளில் எழுதும் பெயர்களைப் பொறுத்தது. பவளம் உண்ணும் மீனை வேறு மீனாக எழுதிவிட்டால், அதன் மறைவு எந்த அறிக்கையிலும் தோன்றாது. பின்னர் எந்தப் புள்ளியியல் முறையாலும் அப்பிழையைத் திருத்த இயலாது.

நூலும் நீரும்

இந்தியக் கடல்மீன்களைப் பற்றிய நம் அறிவு கரையில் பிறந்தது. பெர்லினில் வாழ்ந்த மருத்துவர் பிளாக், தரங்கம்பாடியிலிருந்து சமயப் பணியாளர் ஜான் அனுப்பிய மீன்களை ஆராய்ந்து பெயரிட்டார். கத்தாழை மீன்களின் ஒரு பேரினம் 'ஜானியஸ்' என்று வழங்குவது அந்த ஜானின் நினைவாகவே. சென்னைப் படையின் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் நூல் இன்றும் புரட்டப்படுகிறது. குருசடைத் தீவின் உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுதியும் 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிகளும் இவ்வழியில் வந்தவையே.

இந்நூல்கள் யாவும் கையில் கிடந்த மீனுக்காக எழுதப்பட்டவை. முதுகுத் துடுப்பில் எத்தனை முட்கள், பக்கக் கோட்டில் எத்தனை செதில்கள் என்று எண்ணிப் பார்த்து இனம் பிரிப்பது அவற்றின் முறை. சாராயத்தில் இட்ட மீனின் நிறம் சில நாள்களில் வெளுத்துவிடும் என்பதால் நிறத்தை அக்காலத்தோர் பெரிதாக நம்பவில்லை. மூழ்குநரின் நிலை நேர்மாறானது. மூன்று மீட்டருக்கு அப்பால் நழுவி ஓடும் மீனின் செதிலை யாரும் எண்ண முடியாது. நிறமும் வடிவும் நடத்தையுமே அவருக்குக் கிடைப்பவை. அவற்றுள்ளும் நிறமே முதலில் கண்ணைக் கவர்கிறது, அதுவே முதலில் ஏமாற்றவும் செய்கிறது.

நீர் ஒளியைச் சமமாகக் கடத்துவதில்லை. சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. அடுத்து ஆரஞ்சும் அதற்குப் பின் மஞ்சளும் மங்குகின்றன. ஆகவே படகில் செக்கச் சிவந்திருக்கும் மீன் பத்து மீட்டர் ஆழத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகத் தோன்றும். கைவிளக்கை அதன்மேல் பாய்ச்சினால் சிவப்பு உடனே வெளிப்படும். படத்தில் கண்ட நிறத்தைத் தேடி மூழ்குபவர் மீன் கண்முன் இருந்தும் அதைத் தவறவிடுவது இதனாலேயே.

அளவைப் பற்றிய ஏமாற்றம் இதனினும் கேடானது. முகக்கண்ணாடியின் உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளியே உள்ள நீருக்கும் ஒளிவிலகல் வேறுபடுவதால், நீரடியில் எப்பொருளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. 9 சென்டிமீட்டர் மீன் 12 சென்டிமீட்டராகத் தோன்றும். மீனின் எடையோ நீளத்தின் முப்படியை ஒட்டிக் கூடுவது. எனவே கண்ட அளவை அப்படியே எழுதினால், கணக்கிடப்படும் எடை உண்மையைப்போல் இரு மடங்குக்கும் மேலாகிவிடும். 'இப்பாரில் மீன்வளம் செழிப்பாக உள்ளது' என்ற முடிவு கண்ணாடியின் விளைவாக இருக்கக்கூடும் என்பதை அறிக்கை படிக்கும் அலுவலர் நினைவில் கொள்வது நலம். அளவுக் கோடிட்ட குச்சியை உடன் கொண்டு சென்று, பாறையையும் சிப்பியையும் முதலில் மதிப்பிட்டுப் பின்னர் அளந்து பார்த்துக் கண்ணைப் பழக்குவதே இதற்கு மருந்து.

பட்டைகளை எண்ணுதல்

தொடக்க மாணவர் எளிதாகக் காணக்கூடியவை ஆங்கிலத்தில் 'சார்ஜெண்டு' என வழங்கும் மீன்கள். இராணுவ சார்ஜெண்டின் கைச்சட்டையில் உள்ள பட்டைகளை நினைவூட்டுவதால் அப்பெயர். ஆழம் குறைந்த பார்களிலும் துறைமுகச் சுவர்களிலும் கூட்டமாகத் திரிவன. மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாதவை. முதுகிலிருந்து வயிறு நோக்கி இறங்குவது குறுக்குப் பட்டை, தலையிலிருந்து வால் நோக்கிச் செல்வது நெடுக்குக் கோடு என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். மீன் தலைகீழாக நின்று பாசி கொறிக்கும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர்.

இம்மீன்களுள் மிகுதியாகக் காணப்படும் 'வைகியென்சிஸ்' ஐந்து கரும்பட்டைகளும் முதுகில் மஞ்சள் பூச்சும் உடையது. நியூகினியை அடுத்த வைகியோத் தீவின் பெயரால் அறியப்படினும் இந்தியக் கரைகளுக்கும் உரியதே. பிளாக் 1787-இல் பெயரிட்ட 'பெங்காலென்சிஸ்' ஆறு அல்லது ஏழு பட்டைகளைக் கொண்டது. அதில் பட்டைகள் ஒடுக்கமானவை. முதுகில் அந்த மஞ்சள் இராது. வாலின் நுனிகள் மழுங்கியிருக்கும். மூன்றாவதான 'செக்ஸ்பேசியாட்டஸ்' என்பதன் பெயருக்கு ஆறு பட்டையுடையது என்று பொருள். ஆனால் உடலில் ஐந்தே காணப்படும். வாலின் மேல்மடலிலும் கீழ்மடலிலும் ஓடும் இரு கரிய கோடுகள், திறந்த கத்தரிக்கோல் போல, அதைக் காட்டிக் கொடுக்கும். பெயரை நம்பி ஆறாவது பட்டையைத் தேடுபவர் அதனை ஒருபோதும் காணார்.

மேலும் ஒன்று கருதத்தக்கது. முட்டைகளைக் காவல் காக்கும் ஆண் வைகியென்சிஸ், மஞ்சள் மறைந்து நீலம் படர்ந்த உடலுடன் நிற்கும். நிறத்தை மட்டும் கொண்டு பார்த்தால் அது வேறோர் இனமாகவே தோன்றும். பட்டைகளின் எண்ணிக்கையும் வாலின் அமைப்பும் அப்போதும் மாறுவதில்லை. நிறம் மாறினும் மாறாத அடையாளம் எது என்று தேடுவதே நீரடி இனங்காணலின் முதல் விதி எனலாம்.

வண்ணாத்திகள்

தட்டையான வட்ட உடலும் கூரிய சிறுவாயும் கொண்ட வண்ணாத்தி மீன்கள் பார்களின் நலம் அறிய விரும்புவோர்க்கு மிக இன்றியமையாதவை. இவற்றுள் சில இனங்கள் உயிருள்ள பவளத்தின் மொட்டுயிரிகளை மட்டுமே கொத்தித் தின்பவை. சில புழுக்கள், பாசி, பவளம் எனக் கிடைத்ததை உண்பவை. பவளம் மடிந்தால் முதல் வகை உணவின்றிக் குறையும், இரண்டாம் வகை ஓரளவு தாங்கும். ஆகவே 'வண்ணாத்திகள் 20' என்று மொத்தமாக எழுதும் பதிவு ஆய்வாளருக்கு ஏறத்தாழப் பயனற்றது. உடலில் எட்டு மெல்லிய கரும்பட்டைகள் கொண்ட 'ஆக்டோபேசியாட்டஸ்' முதல் வகையைச் சேர்ந்தது. முதுகுத் துடுப்பின் பின்முனையில் நூல் போன்ற நீட்சியும் அதன் அருகே ஒரு கரும்புள்ளியும் உடைய 'ஆரிகா' இரண்டாம் வகையினது.

ஆரிகாவின் உடலில் சாய்கோடுகள் இரு திசைகளில் ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் சந்திக்கும். 'வேகபண்டஸ்', 'டெகுசேட்டஸ்' என்னும் வேறு இரு வண்ணாத்திகளிலும் ஏறக்குறைய இதே கோலம் உண்டு. அனுபவமுடையவரும் தடுமாறுவது இங்கேதான். கோடுகளை விட்டுவிட்டு உடலின் பின்பகுதியை நோக்க வேண்டும். டெகுசேட்டஸில் முதுகுத் துடுப்பின் பின்பாதியும் அடித்துடுப்பும் அகன்ற கருமையாக இருக்கும். வேகபண்டஸில் ஒடுக்கமான ஒரு கரும்பட்டையே இருக்கும், அதனைச் சுற்றி மஞ்சள் மிகும். இம்மூன்றிலும் கண்ணின் ஊடே ஒரு கரும்பட்டை செல்வதால் கண் மறைந்து நிற்கிறது. ஆரிகாவின் கரும்புள்ளியோ உடலின் பின்புறத்தில் போலிக் கண்ணாக விளங்குகிறது. தாக்க வரும் பெரிய மீனை ஏமாற்ற அமைந்த இவ்வேற்பாடு மூழ்குநரையும் ஏமாற்றுவதில் வியப்பில்லை.

வண்ணாத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிமீன், வெள்ளை உடலில் இரு கரும்பட்டைகளும் முதுகில் நீண்ட வெண்கொடியும் உடையது. முற்றிலும் வேறான குடும்பத்தைச் சேர்ந்த 'மூரிஷ் ஐடல்' என்ற மீன் அதைப் போலவே தோன்றும். வாலைப் பார்த்தால் ஐயம் தீரும். கொடிமீனின் வால் மஞ்சள், மற்றதன் வால் கறுப்பு.

வாயும் நடத்தையும்

நிறமும் வடிவும் அளவும் ஒத்திருந்து, வாய் ஒன்றே காட்டிக் கொடுக்கும் இணை ஒன்று பார்களில் உண்டு. 'லேப்ராய்டஸ்' என்னும் துப்புரவு மீன் நீல உடலில் கரிய நெடுக்குக் கோடு உடையது. பெரிய மீன்களின் உடலிலும் வாயினுள்ளும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்று வாழ்வது. அதன் ஆடல் போன்ற நீச்சலைக் கண்டதும் களவாய் போன்ற பெருமீன்களும் வாய் திறந்து நின்று இடம் தருகின்றன. 'ஆஸ்பிடோன்டஸ்' என்னும் மற்றொரு மீன் அதே உருவையும் அதே ஆடலையும் மேற்கொண்டு அருகே வந்து, நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியிலும், போலியின் வாய் முகத்தின் அடியிலும் அமைந்துள்ளன. முகத்தருகே சென்று நோக்க இயலாதபோது, அணுகப்பட்ட மீன் அமைதியாக நிற்கிறதா, துள்ளி விலகுகிறதா என்று பார்த்தால் போதும்.

இத்துப்புரவு மீன்களைப் பற்றி 1972-இல் ராபர்ட்சன் என்னும் அறிஞர் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் செய்த ஆய்வு புகழ் பெற்றது. ஓர் ஆணும் பல பெண்களும் கொண்ட குழுவில் ஆண் மறைந்தால், பெண்களுள் மூத்தது சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, பின்னர் முழுமையாக ஆணாகவே மாறிவிடுகிறது. பார்மீன்களில் இத்தகைய பால்மாற்றம் அரிதன்று. கிளிமீன்களில் அது நிறமாற்றத்துடனும் சேர்ந்து வருகிறது. 'கோபன்' என்னும் கிளிமீனின் பெண் மஞ்சள் உடலில் நீலப் பட்டைகள் கொண்டது. முதிர்ந்த ஆணோ பச்சையும் நீலமும் கலந்தது. ஒரே இனத்தின் இளம்பருவமும் பெண்ணும் ஆணும் முன்னாளில் வெவ்வேறு இனங்களாகப் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். நூல்களில் இருந்த கிளிமீன் பெயர்களுள் பெரும்பகுதி பின்னர் நீக்கப்பட்டது. எனவே கிளிமீனைப் பதிவு செய்பவர் பெயருடன் 'மஞ்சள் நிலை', 'பச்சை நிலை' என்றும் குறித்தல் வேண்டும்.

பதிவு முறை

நீரடியில் மீன்களைக் கண்ணால் எண்ணும் முறையை 1954-இல் ஹவாய்த் தீவுகளில் பிராக் என்பவர் விளக்கினார். பாரின் மேல் அளவு நாடாவை விரித்து, அதன் இருபுறமும் குறித்த அகலத்துக்குள் தென்படும் மீன்களை எண்ணிக்கொண்டே நீந்துவது அம்முறை. சிறு மாற்றங்களுடன் இன்றும் அதுவே வழக்கிலுள்ளது. பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதலாம். நாடாவை விரித்தவுடன் எண்ணத் தொடங்குதல் தவறு. மூழ்குநரின் வரவால் ஒளிந்த சிறுமீன்கள் வெளிவரச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். வேகமாக நீந்தும் மீன்களை முதலிலும், பவளக் கிளைகளுக்குள் பதுங்குபவற்றைத் திரும்பி வரும்போதும் எண்ணுவது நல்லது.

மன்னார் வளைகுடாவில் காற்று அடங்கி நீர் தெளியும் மார்ச், ஏப்ரல் மாதங்களே பழைய முத்துக்குளிப்புக் காலம். மீன் எண்ணுவோர்க்கும் அதுவே உகந்தது. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி மூழ்குதல் கூடாது. கடற்குதிரையும் அதன் உறவான குழல்மீன்களும் பவளங்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் வந்தன. ஆகவே அவற்றை அடையாளத்துக்காகக் கூடக் கையிலெடுத்தல் குற்றமாகும். வண்ண மீன் வணிகச் சரக்குகளைச் சோதிக்கும் அலுவலர்க்கும் இவ்வினங்களை வேறுபடுத்தத் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஊருக்குச் செல்லும் வரை மும்பை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. வண்ணமீன் கடைகளின் கண்ணாடித் தொட்டிகள் நல்ல பயிற்சிக் களங்கள். தொட்டியின் முன் அரை நிமிடம் நின்று, பின்பு திரும்பி நின்று, கண்ட மீனை வரைய முயன்றால், எதைக் காணத் தவறினோம் என்பது விளங்கும். பெரும்பாலோர் நிறத்தை நினைவில் கொண்டு வாலை மறந்திருப்பர்.

ஐயமுள்ள மீனுக்கு நெருங்கிய ஓர் இனத்தின் பெயரைச் சூட்டிவிடும் பழக்கம் பதிவேடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. பட்டியலில் வெற்றிடம் விடக் கூசுவதே இதற்குக் காரணமாகலாம். 'வண்ணாத்தி, இனம் தெரியவில்லை, பின்பகுதி கருமை' என்று எழுதிய வரி பிற்கால ஆய்வாளருக்கு உதவும். ஊகித்து எழுதிய இனப்பெயரோ அவரைத் தவறான வழியில் நடத்தும். புகைப்படம் இருப்பின் அதன் எண்ணையும் அவ்வரியில் சேர்க்கலாம்.

கடலோர மக்கள் வழங்கும் பெயரையும், அது வழங்கும் ஊரையும் உடன் எழுதுவது பயன் தரும். ஓரா, கிளாத்தி, நவரை, பேத்தை என்னும் பெயர்கள் ஒவ்வொன்றும் பல இனங்களை அடக்கியவை. ஒரு கடற்கரையில் ஒன்றைக் குறிக்கும் பெயர் அடுத்த கரையில் மற்றொன்றைக் குறிப்பதும் உண்டு. எனினும் எந்த மீன் எந்தப் பாரில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை மூச்சடக்கி மூழ்கும் சங்குக் குளிப்போரும் பாசி சேகரிக்கும் பெண்களும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றனர். வெளிறலுக்கு முன்பு ஒரு பாரில் எத்தகைய மீன்கள் திரிந்தன என்ற வினாவுக்கு, அறிக்கை ஏதும் இல்லாத தீவுகளில், அவர்களுடைய நினைவே எஞ்சியுள்ள பதிவு. படத்தைக் காட்டி அவர்களிடம் கேட்கும்போது, மீனின் நிறத்தைச் சுட்டாமல் அது நிற்கும் இடத்தையும் மேயும் முறையையும் முதலில் வினவினால் விடை தெளிவாகக் கிடைக்கும்.